சின்னம்மாவின் பாதிப் பங்கு

சித்தப்பாவின் கருமாதி முடிந்து ஒரு மாதம் போல ஆகியிருந்தது. திருச்செங்கோட்டிலிருந்து அவருடைய கூட்டாளி வெண்ணந்தூருக்கு வந்து, போர்வெல் கம்பெனியில் சித்தப்பாவுக்கு இருந்த பாதிப் பங்குக்கு ஐம்பது லட்சம் தருவதாகச் சின்னம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் கார் தெருமுனை திரும்பியிருக்காது, சின்னம்மாவின் அண்ணன் சேலத்தில் இருந்த எனக்குப் போன் செய்துவிட்டார்.

“மாப்ள, நீ படிச்ச படிப்புக்கு இன்னைக்குத்தான் சோலி வந்திருக்குது. ஒரு ரிக் வண்டி கோடி ரூவாய்க்கு மேல போவுது. ரெண்டு வண்டி இருக்குது. பாதின்னா எவ்வளவு? எனக்கே கணக்கு வருது. அந்தாளு அம்பதுங்கறான்.”

“நான் பார்த்துச் சொல்றனுங்க மாமா.”

“பார்த்துச் சொல்லு. கூடப் பொறந்தவ ஊடு மொட்டையா நிக்குது, அதையும் பார்த்துட்டுச் சொல்லு.”

அவர் சொன்னது மெய்தான். சித்தப்பா கட்ட ஆரம்பித்த வீடு, சுவர் எழும்பி, மேலே கான்கிரீட் போடாமல் நின்றது. சின்னம்மா பக்கத்திலேயே ஒரு வாடகை வீட்டில் இருந்தார். தினமும் காலையில் போய் அந்தச் சுவர்களுக்குள் முளைத்த செடிகளைப் பிடுங்கிவிட்டு வருவார். பங்கு நல்ல விலைக்குப் போனால் வீடு எழும்பும். ஏமாந்தால், சித்தப்பா இருபது வருடம் வெளிமாநிலத்தில் புழுதி தின்றதற்குக் கையில் நிற்பது அந்த மொட்டைச் சுவர்தான்.

எங்கள் குடும்பத்தில் முழுதாகப் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா இன்றைக்கும் விசைத்தறி ஓட்டுகிறார். கல்லூரியில் கட்டணம் குறைய முதல் பட்டதாரி சான்றிதழ் வேண்டும் என்றபோது, என்னைத் தாலுகா ஆபீசுக்குக் கூட்டிப்போய் வரிசையில் நின்றவர் சித்தப்பா. இப்போது சேலத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். விற்கவோ வாங்கவோ போகிற கம்பெனிகளுக்கு என்ன விலை தகும் என்று கணக்குப் போட்டுத் தருவதுதான் எங்கள் வேலை. முன்பின் தெரியாதவர்களின் கம்பெனிகளுக்கெல்லாம் விலை போட்டிருக்கிறேன். சொந்தத்தில் ஒன்றுக்குப் போடுவது அதுவே முதல் தடவை.

ஆழ்துளைக் கிணறு தோண்டும் கம்பெனி அது. இரண்டு ரிக், பங்கு ஆளுக்குப் பாதி. கூட்டாளி திருச்செங்கோட்டு ஆபீசில் உட்கார்ந்து, வேலை பிடித்துத் தரும் ஏஜென்டுகளிடம் பேசுவார், பேங்குக்குப் போவார். சித்தப்பா வண்டிகளோடு சத்தீஸ்கர், ஆந்திரா என்று போய்விடுவார். மழைக்காலத்துக்கு வண்டி ஊர் திரும்பினால்தான் அவரும் திரும்புவார். கடைசியில் மாரடைப்பு வந்ததும் ஒரு சைட்டில்தான்.

கூட்டாளியிடம் மூன்று வருடக் கணக்கு கேட்டேன். தயங்குவார் என்று நினைத்திருந்தேன். மறுநாளே எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு, “வேறென்ன வேணும், கேளு மாப்ள,” என்றார். அவர் இப்படித் தாராளமாகத் தந்ததே சின்னம்மாவின் அண்ணனுக்குச் சந்தேகமாக இருந்தது.

முதலில் நான் பார்த்தது, வருடா வருடம் கம்பெனியிலிருந்து உள்ளபடியே எடுக்கக்கூடிய பணம் எவ்வளவு என்பதை. கணக்கில் காட்டும் லாபம் வேறு, கைக்கு மிஞ்சும் பணம் வேறு. போர் போட்ட கூலி வந்ததும் டீசல் போகும், ஆட்கள் சம்பளம் போகும், வரி போகும். அதோடு நிற்காது. பாறை குத்தும் ஹேமர் உடையும், துளைக்குள் இறங்கும் ராடு தேயும், கம்ப்ரசரை இறக்கி வேலை பார்க்க வேண்டிவரும். அதையெல்லாம் செய்யாமல் பணத்தை எடுத்துவிட்டால் அடுத்த வருடம் வண்டி ஓடாது. வண்டி கெடாமல், வேலை நிற்காமல், எடுத்துக்கொள்ள முடிகிற மிச்சம்தான் தடையற்ற பணவரவு. மூன்று வருடத்துக்கும் சராசரி பார்த்ததில், கடனுக்குக் கட்டும் வட்டிக்கு முன்னால், வருடத்துக்கு முப்பது லட்சம் நின்றது.

இந்தத் தொழிலில் அப்படி ஐந்தாறு வருட மிச்சத்தைக் கம்பெனியின் விலையாகக் கொள்ளலாம். ஆறு என்றே வைத்துக்கொண்டேன். நூற்றெண்பது லட்சம். இது கம்பெனி முழுவதற்குமான மதிப்பு. இதைப் பங்குதாரர்கள் அப்படியே பிரித்துக்கொள்ள முடியாது. பேங்குக்கு எழுபது லட்சம் கட்ட வேண்டியிருந்தது, கம்பெனிக் கணக்கில் ஆறு லட்சம் இருந்தது. எழுபதைக் கழித்து ஆறைக் கூட்டினால் நூற்றுப் பதினாறு. அதில் பாதி ஐம்பத்தெட்டு.

ஐம்பதுக்கும் ஐம்பத்தெட்டுக்கும் எட்டு லட்சம் வித்தியாசம். மாமா சொன்ன மாதிரி கோடியெல்லாம் இல்லை. ஆனால் எட்டு லட்சம் கிடைத்தால் கான்கிரீட் போட்டு, பூசி, கதவும் வைத்துவிடலாம். எனக்குக் கோபம் வந்தது. அன்றைக்கே போன் செய்து சொல்லிவிடலாமா என்று இருந்தது. எதற்கும் செலவுகளை இன்னொரு தடவை பார்க்கலாம் என்று சம்பளப் பட்டியலைத் திறந்தேன்.

டிரில்லர், டிரைவர், சமையல்காரர், ஹெல்பர்கள் எல்லோருக்கும் சம்பளம் இருந்தது. சித்தப்பா பெயர் இல்லை.

மூன்று வருடத்திலும் இல்லை. இரண்டு வண்டியையும் கட்டி மேய்த்த மனிதருக்கு ஒரு ரூபாய்கூடச் சம்பளம் எழுதவில்லை. வருடக் கடைசியில் மிஞ்சியதில் பாதியை எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். இனி அவர் இடத்தில் ஒரு மேனேஜரைப் போட்டால் மாதம் ஐம்பதாயிரம் தராமல் ஆள் வராது. வருடத்துக்கு ஆறு லட்சம். முப்பது இருபத்து நான்காகும். மறுபடி எல்லாவற்றையும் போட்டால் சின்னம்மாவின் பாதி நாற்பது லட்சத்தில் வந்து நின்றது.

அலுவலகத்தில் இதை நான் பலமுறை செய்திருக்கிறேன். முதலாளி சம்பளம் எடுக்காத கம்பெனிகள் நிறைய. வாங்குகிறவருக்கு அந்தச் செலவு வரும் என்பதால் ஒரு சம்பளத்தை நாமாகவே போட்டுக் கழிப்போம். கை தன் பாட்டுக்குச் செய்துவிடும். அன்றைக்கு அந்த ஆறு லட்சத்தை எழுதியபோது, சித்தப்பா செத்ததற்கு நானே ஒரு விலை போட்டுக் கழிப்பது போல இருந்தது. எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தபோதும் நாற்பதுதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வெண்ணந்தூர் போனேன். சின்னம்மா சுவர்களுக்குள்தான் இருந்தார். அவருடைய அண்ணன் ஒரு செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தார்.

“என்ன மாப்ள, கோடி வருதா?”

“இல்லீங்க மாமா. கடன் எழுபது இருக்குது. லாரி வாங்கறப்ப டியூ எவ்வளவு பாக்கின்னு கேட்டு, அதைக் கழிச்சிட்டுத்தானே கையில குடுக்கறோம். கம்பெனிக்கும் அப்படித்தான்.”

“சரி, டியூ கழிச்சு?”

“நாப்பதுங்க.”

அவர் சிரித்தார். “அந்தாளே அம்பது தர்றேங்கறான். நீ நாப்பதுங்கற. திருச்செங்கோட்டுல என்ன மாப்ள வாங்கித் தந்தாங்க? பிரியாணியா?”

“சும்மா இருங்கண்ணா,” என்றார் சின்னம்மா. என் பக்கம் திரும்பினார். “எனக்கு வெளங்கற மாதிரி சொல்லு சாமி.”

சொன்னேன். ஐம்பத்தெட்டு வந்ததையும் சொன்னேன், அது நாற்பது ஆன காரணத்தையும் மறைக்காமல் சொன்னேன். சின்னம்மா கையில் பிடுங்கிய செடியோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

“வருசத்துக்கு ஆறு லட்சம்னு போட்டிருக்கியே, அதை அவருக்குக் குடுத்தாங்களா?”

“இல்லீங்க சின்னம்மா.”

“அவருக்குக் குடுக்காத சம்பளத்தை எங்கிட்டக் கழிக்கறயா?”

இனி வரப்போகும் பணத்துக்குத்தான் விலை, போனதற்கு இல்லை என்று பாடத்தில் இருக்கிறது. அதை அந்தச் சுவர்களுக்குள் நின்றுகொண்டு என்னால் சொல்ல முடியவில்லை.

“அதான பாத்தேன்,” என்றார் அண்ணன். “அம்பத்தெட்டுன்னே சொல்லுவோம். படிச்ச பையன் போட்ட கணக்குன்னா அந்தாளு நம்பிக்குவான்.”

“நம்பிக்குவாரு,” என்றார் சின்னம்மா. “அதுக்காகப் பொய் சொல்லச் சொல்றீங்களா? வெளங்காத ஒன்னை நானே போய்க் கேட்டுக்கறேன்.”

அடுத்த நாள் மூன்று பேரும் திருச்செங்கோடு போனோம். கூட்டாளியின் ஆபீஸ் ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே வெல்டிங் சத்தம். அவருக்கு அறுபது வயது இருக்கும். எனக்கு மாமா முறை. எங்களைப் பார்த்ததும் எழுந்து ஃபேனைக் கூட்டிவைத்தார்.

“வா அம்மிணி. போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனே.”

“இருக்கட்டுங்கண்ணா. ஒன்னு கேக்கணும்னு வந்தேன். இவன் கணக்குப் போட்டான். நாப்பதுதான் தகும்னு சொல்றான். நீங்க எப்பிடி அம்பது சொன்னீங்க?”

அவர் என்னைப் பார்த்தார், பிறகு மேசையைப் பார்த்தார். “நான் மாப்ள மாதிரியெல்லாம் போடலை. நாப்பதோ நாப்பத்தஞ்சோன்னு ஒரு குத்துமதிப்பு. செத்தவன் பொண்டாட்டிய ஏமாத்திட்டான்னு நாளைக்கு எவனும் பேசக்கூடாதில்ல.”

“அம்பதுக்கு எங்க போவீங்க?”

“வண்டி மேல இன்னொரு லோன் போடறதுதான்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுபது லட்சம் கடனுக்கு மேல் ஐம்பது. அப்புறம் வருடத்துக்கு மிஞ்சுவது வட்டிக்கும் தவணைக்குமே பத்தாது. இரண்டு வருடத்தில் வண்டியை விற்க வேண்டிவரும். இதை அவரிடமே சொன்னேன். “தெரியுது மாப்ள,” என்றார்.

சின்னம்மா நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். கீழே வெல்டிங் நின்று மறுபடி ஆரம்பித்தது.

“அந்த மேல்பத்து ஊருக்காகக் குடுக்கறீங்களா, அவருக்காகக் குடுக்கறீங்களா?”

“என்ன அம்மிணி இப்பிடிக் கேக்கற.”

“சொல்லுங்கண்ணா.”

“அவனுக்காகத்தான். நான் ஃபேனுக்குக் கீழ உக்காந்திருந்தேன். அவன் வண்டிக்கு அடியில படுத்துத் தூங்கினான். ரெண்டு பேரும் சரிபாதின்னுதான் எடுத்தோம். ஒரு நாள் அவன் வாயைத் திறந்து கேக்கலை.”

“அப்ப அந்தப் பத்தைச் சம்பளம்னு சொல்லிக் குடுங்க. வெலைன்னு சொல்லாதீங்க.”

அவர் தலையாட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தவர் நெடுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பிறகு சின்னம்மா சொன்னதை நான் சற்றும் எதிர்பார்க்கவில்லை. பாதிப் பங்கு முழுவதையும் விற்கப்போவதில்லை என்றார். அதில் சரிபாதியை மட்டும், நான் போட்ட விலைக்கே, இருபது லட்சத்துக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார். அதுவும் சம்பளப் பத்தும் சேர்ந்தால் வீட்டுக்குப் போதும். மீதிக் கால் பங்கு தன் பெயரில் இருக்கட்டும், வருடா வருடம் மிஞ்சுவதில் கால் பங்கு வரட்டும் என்றார்.

“இவளுக்குக் கம்பெனியில என்ன தெரியும்?” என்று அண்ணன் என் காதருகில் கேட்டார். சின்னம்மாவுக்குக் கேட்டுவிட்டது.

“தெரிஞ்சவரை மொதல்லயே கேட்டேனே, கோடி வரும்னாரு,” என்றார். கூட்டாளி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அண்ணனும் வேறு வழியில்லாமல் சிரித்தார்.

ஐம்பதுக்குக் கடன் வாங்க வேண்டியவர் முப்பதோடு தப்பித்தார். முகத்தில் அது தெரிந்தது. மேனேஜராகப் போட ஓர் ஆள் மனதில் இருப்பதாகவும், என் கணக்கில் இருந்தபடியே அவனுக்குச் சம்பளம் எழுதிவிடுவதாகவும் சொன்னார்.

“உங்களுக்கும் எழுதுங்க,” என்றார் சின்னம்மா.

“எனக்கா? மொதலாளிக்கு ஏது அம்மிணி சம்பளம்?”

“அவரும் இதையேதான் சொல்லிட்டு இருந்தாரு.”

கூட்டாளி தன் மேசையில் கிடந்த பேனாவை நேராக வைத்தார், மறுபடி கோணலாக்கினார். பெண்ணுக்கு வரன் பேசும்போது கூச்சப்படுகிறவர் மாதிரி என் பக்கம் திரும்பி, “என்ன போடலாம் மாப்ள?” என்று மெதுவாகக் கேட்டார்.

“மேனேஜருக்குப் போடற அதே ஆறு போடலாமுங்க மாமா.”

“ஐயோ, அத்தனை வேண்டாம். பாதி நாள் ஆபீஸ்ல பேப்பர்தான் படிக்கறேன். ரெண்டு போடு.”

“ஆறு,” என்றார் சின்னம்மா.

“மூணு அம்மிணி. அதுவே சாஸ்தி.”

“ஹெல்பருக்கே அதுக்கு மேல குடுக்கறீங்களாமா, இவன் சொன்னான். அஞ்சு.”

சம்பளம் பேசுகிற பேச்சை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். வாங்குகிறவர் இறக்க, கொடுக்கிறவர் ஏற்ற, இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. கடைசியில் நான்கு லட்சத்தில் இருவரும் ஒத்துக்கொண்டார்கள். நான் லேப்டாப்பைத் திறந்து அந்த நான்கையும் கழித்துப் பார்த்தேன். சின்னம்மா வைத்துக்கொள்ளும் கால் பங்கு இருபதிலிருந்து பதினான்காக இறங்கிவிட்டது. சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

“சின்னம்மா, இதை எழுதினா உங்க பங்கோட வெலை ஆறு லட்சம் கொறைஞ்சு போகும்.”

அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். வீட்டில் கான்கிரீட்டுக்குக் கம்பி கட்டுகிறவரை மத்தியானம் வரச் சொல்லியிருந்தாராம்.

“கொறைஞ்சா கொறையுது. எழுது சாமி,” என்றார்.