பிடிச்சுக்கிட்டே இருங்க

இதில் ஒரு சொல்லைக்கூட நான் சேர்க்கவில்லை. எனக்குச் சேர்க்கத் தெரியாது என்றில்லை, எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இதற்குத் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். அந்த வேனைத் தெருமுனையில் இன்றைக்கும் பார்க்கலாம். வேன்காரர் முகத்தையும் ஒரு முறை பார்த்துவிட்டால் மீதியைத் தானாக நம்பிவிடுவீர்கள்.

அவரை நாங்கள் 'ஹாரன்' என்போம். பிரேக்கைவிட ஹாரனை நம்பி வண்டி ஓட்டுகிறவர். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற அந்த வேன் அவருடைய கல்யாணத்துக்கு மூத்தது. கல்யாணத்தைவிட நன்றாக ஓடுகிறது என்று அவர் மனைவியே சொல்லி, நான் கேட்டிருக்கிறேன். இந்த வருஷம் அதுவும் மக்கர் செய்தது. பிரேக்கை மிதித்தால் கால் தரைவரை போகும், வண்டி நிற்காது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும்.

மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"பிரேக் சிலிண்டர் போச்சு. ஸ்டியரிங் ராடும் போச்சு. ரெண்டையும் மாத்தாம பிள்ளைங்களை ஏத்தாதீங்கண்ணே, சொல்லிட்டேன்."

மாற்றுவதற்குச் சாமான் எங்கே? ஹாரன் ஏறி இறங்காத ஸ்பேர் பார்ட்ஸ் கடை இல்லை. "இந்த மாடலா? கம்பெனிக்காரனே மறந்திருப்பான்" என்றார் ஒருவர். இன்னொரு கடைக்காரர் வெளியே ஓடிவந்து, "அண்ணே, வண்டியோட ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டார். எடுத்தும் கொண்டார். சாமான் மட்டும் இல்லை.

திங்கட்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வேறு வேன் பார்த்துக்கொள்வதாகப் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். ஹாரனுக்கு வேறு பிழைப்புத் தெரியாது. அதைவிடப் பெரிய உறுத்தல் ஒன்று இருந்தது. ஒரு திருப்பத்தில் வண்டி நிற்காமல் போய் வேலியை உரசியபோது, பின்னாலிருந்த பிள்ளைகள் "மாமா, இன்னொரு தடவை!" என்று கைதட்டியிருக்கிறார்கள். அந்தக் கைதட்டலுக்குப் பிறகு மனிதர் சரியாகத் தூங்கவில்லை. திண்டாடிப்போனார்.

சனிக்கிழமை, ஊருக்கு வெளியே ஒரு காயலான் கடையில் அதே மாடல் வேன் நிற்பதாக யாரோ சொன்னார்கள். ஹாரன் போய்ச் சேர்ந்தபோது நல்ல உச்சி வெயில். கடைக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"பின்னாடி கடைசியில நிக்குது. நீங்களே கழட்டிக்கங்க. இன்னைக்கு ஆள் இல்ல."

"சரிங்க."

"ராடும் சிலிண்டரும் மட்டும்தானே?"

"அது ரெண்டு மட்டும்தான்."

கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு சோற்றையே பார்த்தார்.

வேன் சுவரைப் பார்த்தபடி நின்றது. ஹாரன் பின்பக்கமாகவே அடியில் நுழைந்தார். வெளியே அப்படி வெயில். அடியில் மண் சில்லென்று இருந்தது. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஸ்டியரிங் ராடின் நட்டில் ஸ்பேனர் நுழையவில்லை. சக்கரம் கொஞ்சம் திரும்பினால் நுழையும். "யாராவது ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடிச்சுக் குடுத்தா புண்ணியமாப் போகும்" என்று வாய்விட்டுப் புலம்பினார்.

கிரீச்...

டிரைவர் பக்கம் வண்டி மெல்லத் தாழ்ந்தது. யாரோ ஏறி உட்கார்ந்தது போல. சக்கரம் இடது பக்கம் திரும்பியது.

கடைக்காரர் மனமிரங்கி ஆள் அனுப்பிவிட்டார் என்று ஹாரன் நினைத்தார். "ரொம்ப தேங்க்ஸுங்க!" என்று கத்தினார்.  ராடு சிரமமில்லாமல் கையோடு வந்தது.

இனி சிலிண்டர். கழற்றுவதற்கு முன் அதற்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இது இரண்டு பேர் வேலை. மேலே இருப்பவர் பிரேக்கை மிதிக்க வேண்டும். அடியில் இருப்பவர் "பிடிங்க" என்றால் மிதித்தபடியே இருக்க வேண்டும். "விடுங்க" என்ற சொல் காதில் விழும்வரை காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் குழாயில் காற்று புகுந்துவிடும். எந்த ஒர்க்‌ஷாப்பிலும் இதுதான் சட்டம்.

"மிதிங்க."

டக்.

"பிடிங்க."

"பிடிச்சிருக்கேன்."

பெண் குரல். மிக அருகில். நாள் முழுக்க நின்றவர் பேசுவது போல அப்படியொரு அசதி.

ஹாரன் சக்கரத்தின் ஓரமிருந்த திருகைத் தளர்த்தினார். எத்தனையோ காலமாக நிற்கிற வண்டி. பிரேக் எண்ணெய் காய்ந்து போயிருக்க வேண்டும். பீய்ச்சிக்கொண்டு வந்தது. புதிதாக... வெதுவெதுப்பாக.

கண்ணில் தெறித்துவிட்டது. திருகை அவசரமாக மூடினார்.

"பிடிச்சுக்கிட்டே இருங்க! இதோ வரேன்!"

கண்ணைக் கசக்கியபடி வெளியே ஊர்ந்தார். எழுந்து டிரைவர் பக்கம் வந்தார்.

கதவு இல்லை.

சீட் இல்லை. ஸ்டியரிங் வீல் இருந்த இடத்தில் வெறும் கம்பு. அதிலிருந்து கூரைவரை ஒரு சிலந்தி வலை. ஓர் இழைகூட அறுபடவில்லை.

குனிந்து பார்த்தார்.

மிதிப்பதற்குப் பெடலே இல்லை.

சிலிண்டருக்குள் போகிற கம்பி மட்டும் முழுதாக உள்ளே அழுந்தியிருந்தது. அது லேசாக நடுங்கியது. ரொம்ப நேரம் ஊன்றிய கால் நடுங்குமே... அப்படி.

ஓடியிருக்க வேண்டும்தானே? நானாக இருந்தால் செருப்பைக்கூட எடுத்திருக்க மாட்டேன். ஹாரனுக்கும் கால் கிளம்பிவிட்டது. ஆனால் வெறுங்கையோடு ஓடினால்? திங்கட்கிழமை? அந்தக் கைதட்டல்?

கண்ணை முக்கால்வாசி மூடிக்கொண்டு சிலிண்டரைக் கழற்றினார். பிறகுதான் ஓடினார். "விடுங்க" என்று சொல்ல மறந்தே போனார்.

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் வந்து ஹாரன் வீட்டு வாசலிலேயே வைத்து மாட்டினார். ஸ்டியரிங் ஜம்மென்று ஆகிவிட்டது. பிரேக்தான் இறுகிப்போய்க் கிடந்தது. நான்கு சக்கரமும் அசையவில்லை. தெருவே சேர்ந்து தள்ளினோம். ம்ஹூம்.

"ஸ்பிரிங் நல்லாத்தான் இருக்கு, அதுக்கு மேலயும் யாரோ அமுக்கிப் பிடிச்ச மாதிரி இருக்கேண்ணே!" என்று மெக்கானிக் சிரித்தார்.

ஹாரன் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை விடிந்தது. பிள்ளைகள் பையும் தண்ணீர்ப் பாட்டிலுமாகத் தெருமுனையில் சேர்ந்துவிட்டார்கள். பெற்றவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஹாரனின் மனைவி கையைப் பிசைந்தாள்.

"இப்ப என்னங்க பண்றது?"

அவர் சட்டையோடு வேனுக்கு அடியில் படுத்தார். யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

"விடுங்க."

ஒரு பெருமூச்சு. நீளமாக... டக்.

நான்கு சக்கரமும் விடுபட்டன. மெக்கானிக் தெருவை இரண்டு சுற்றுச் சுற்றி, அங்கங்கே மிதித்துப் பார்த்து, "வெண்ணெய் மாதிரி நிக்குது" என்று சாவியைக் கொடுத்தார். அன்றைக்குப் பிள்ளைகள் ஹாரனின் வண்டியில்தான் போனார்கள்.

அத்தோடு விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை அவருக்கு. மறுபடி அந்தக் காயலான் கடைக்குப் போனார். பூட்டியிருந்தது. அடுத்த நாளும் போனார். கடைக்காரர் சவரம் செய்யாத முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"அந்த வேன் யாரோடதுங்க?"

"எங்க அண்ணனோடது."

பிறகு அவராகவே சொன்னார்.

"ஒரு மேட்டுல வண்டி மக்கர். ஹேண்ட் பிரேக்கும் கிடையாது. அண்ணன் அடியில படுத்திருந்தான். அண்ணி மேல உக்காந்து மிதிச்சிட்டு இருந்தாங்க. 'பிடி'ன்னு சொன்னான். அப்படியே நெஞ்சுவலி வந்து, அடியிலயே போயிட்டான். 'விடு'ன்னு சொல்ல ஆளில்ல. மத்தியானத்துலேர்ந்து இருட்டுற வரைக்கும் அண்ணி மிதிச்சபடியே இருந்திருக்காங்க. நாங்க போய்த்தான் தூக்குனோம்."

ஹாரன் மெல்லக் கேட்டார்.

"அண்ணியும்... அப்பவே போயிட்டாங்களா?"

"இல்லீங்க. இத்தனை வருஷமும் எங்க வீட்டுலதான். படுத்த படுக்கை. பேச்சே கிடையாது. வலது கால் மட்டும் விறைச்சு, எதையோ அமுக்குற மாதிரியே இருக்கும். எந்த டாக்டராலயும் அதை மடக்க முடியல."

முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"திங்கக்கிழமை காலையில... பிள்ளைங்க பள்ளிக்கூடம் கிளம்புற நேரம். அந்தக் கால் தானா மடங்குச்சு. 'சரிங்க'ன்னு ஒரு வார்த்தை சொன்னாங்க. அவ்வளவுதான். மூச்சு நின்னுடுச்சு."