நான் படித்துக் காட்டாத இரண்டு வரி

எங்கள் வீட்டில் ஆங்கிலமும் ஒழுங்கான மலாயும் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தண்ணீர் பில், நகராண்மைக் கழகக் கடிதம், அப்பாவின் பென்ஷன் தாள் என்று எது வந்தாலும், நான் வேலை முடிந்து வரும்வரை அம்மா அதைப் பிரிக்காமல் வைத்திருப்பார். நான் படித்துத் தமிழில் சொல்வேன். அரசாங்கக் கடிதங்களின் அடியில் எப்போதும் ஒரே மாதிரி இரண்டு வரி இருக்கும். கட்டளைக்குப் பணியும் நான் என்று யாரோ ஓர் அதிகாரி கையெழுத்துப் போட்டிருப்பார். அதை நான் சொல்வதே இல்லை. யாருக்கு வேண்டும் அது? எது முக்கியம், எது வேண்டாம் என்று முடிவு செய்பவள் நான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அண்ணன் கிள்ளானில் பாசார் என்கிற சந்தைக்குப் பக்கத்து உணவுக்கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வயதில் அவர் காதில் யாரோ பேசும் குரல்கள் கேட்கத் தொடங்கின. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். குரல்கள் அடங்கின. எட்டு வருஷம் வேலைக்குப் போனார், வந்தார். ஆனால் கை நடுங்கியது. டீ பாதி கிளாசில், பாதி மேசையில்.

“என்னண்ணே, டீ கேட்டா மழை பெய்யுது லா!” என்று வாடிக்கையாளர்கள் கிண்டல் செய்வார்கள். அவரும் சிரிப்பார். வீட்டுக்கு வந்தால் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், பிரிக்பீல்ட்ஸில் என் அலுவலகத்துக்குக் கீழேயே ஒரு சைபர் கேஃபே திறந்தார்கள். ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே போய், அண்ணனின் மாத்திரைப் பெயரைத் தட்டினேன். அதே மாத்திரையைச் சாப்பிட்ட ஓர் அமெரிக்கர் எழுதிய பக்கம் மெதுவாக வந்தது. கை நடுக்கம், வாய் வறட்சி, உடம்பு ஊதிப்போவது எல்லாம் அப்படியே அண்ணன். இத்தனை வருஷம் டாக்டர்கள் மறைத்துவிட்டார்கள் என்று எனக்குக் கோபம் பொங்கியது. நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

அன்று மாலை, அச்செடுத்த தாளை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன்.

“எல்லாம் மாத்திரையாலயா?”

“ஆமாண்ணே. அந்த ஆளு நிறுத்திட்டாராம். இப்ப நல்லா இருக்காராம்.”

தாளின் அடியில் இரண்டு வரி இருந்தது. நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள், நடுக்கத்துக்கு வழி இருக்கிறது என்று. கண்ணால் பார்த்தேன். அடியில் வரும் வழக்கமான வரிதானே என்று தாளை மடித்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து அவர் மாத்திரையைத் தொடவில்லை. எனக்குத் தெரியும். நிறுத்துங்கள் என்று நான் வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான். பல வருஷம் அந்த ஒன்றையே பிடித்துக்கொண்டு எனக்கு நானே வக்கீலாக இருந்தேன்.

சில வாரங்களில் நடுக்கம் நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே எங்களுக்கு டீ ஆற்றிக் கொடுத்தார். உயரத் தூக்கி ஊற்றினார், ஒரு சொட்டு சிந்தவில்லை. அம்மா அழுதுவிட்டார். நான்தான் குணப்படுத்தினேன் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த மாதம் அவருக்குத் தூக்கம் போனது. வானொலி தன்னைத் திட்டுகிறது என்றார். ஒருநாள் காலையில் வேலைக்குக் கிளம்பியவர் கடைக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டு நாள் கழித்து ஜெஞ்சாரோமில், செம்பனைத் தோட்டத்துக்குள் ஒரு சீனர் அவரைக் கண்டெடுத்தார். காலில் செருப்பில்லை, பாதமெல்லாம் கொப்புளம். ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் இருந்தார். அதற்குள் கடையில் டீ ஆற்ற வேறு ஆள் வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. அண்ணனுக்குப் பாசார் மலாய் தெரியும், ஆனால் மனதில் நடப்பதைச் சொல்லத் தமிழ்தான் வரும். அதனால் நடுவில் நான். நடுக்கத்துக்கென்று ஒரு சிறிய மாத்திரையைச் சேர்த்து எழுதிய டாக்டர், இதை முன்பே சொல்லியிருந்தால் அப்போதே கொடுத்திருப்பேனே என்றார். பிறகு, நிறுத்தச் சொன்னது யார் என்று கேட்டார்.

அண்ணனிடம் திரும்பினேன். “யாரு நிறுத்தச் சொன்னதுன்னு கேக்குறாங்கண்ணே.”

என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். கோபமே இல்லை அந்தப் பார்வையில்.

“நானாத்தான் நிறுத்துனேன்னு சொல்லு தங்கச்சி.”

அதை ஆங்கிலத்தில் சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டார்.