கிராம்பு வாசம் அடித்த கடிதங்கள்

பிரிக்ஃபீல்ட்ஸ் அலுவலகத்தில் என் மேசை மேல் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. மூடியில் ஒரு கடிதம் நுழையும் அளவுக்கு வெட்டு, பக்கவாட்டில் ஒரு சின்னப் பூட்டு. மற்ற நாள்களில் எங்கள் சங்கத்து விமானக் கொட்டகையில் தேநீர் மேசை ஓரமாக இருக்கும் அந்த டின்னை மாதக் கடைசியில் எடுத்து வந்து திறப்பேன். உள்ளே கடிதம் இருந்தால் படிப்பதற்கு முன் மோந்து பார்ப்பேன். கிள்ளான் பல் டாக்டரால் எனக்கு வந்த பழக்கம் இது.

சொந்தமாகச் சின்ன விமானம் வைத்திருப்பவர்களின் சங்கம் ஒன்றில் நான் பகுதி நேர எழுத்தர். ஏறக்குறைய முப்பது உறுப்பினர்கள். அவர்களுக்கு மாதா மாதம் ஆங்கிலத்தில் ஓர் இதழ் போடுவதும் என் வேலை. விருந்துப் படங்கள், தலைவர் செய்தி, அரசாங்கச் சுற்றறிக்கை எல்லாம் அதில் இருக்கும், வாசகர் மட்டும் இல்லை. ஒரு சனிக்கிழமை கொட்டகைக்குப் போனபோது, ஓர் எஞ்சினுக்குக் கீழே எண்ணெய் சொட்டும் இடத்தில் என் இதழை விரித்துப் போட்டிருந்தார்கள். தலைவரின் முகத்தில் கறுப்பாக ஒரு சொட்டு. அடுத்த செயற்குழுவில் அதே தலைவர், “இன்னும் ஆறு மாசம் பாப்போம். யாரும் படிக்கலன்னா நிப்பாட்டிடலாம் லா,” என்றார். இதழ் நின்றால் என் வேலையும் போய்விடும் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

அப்போது பேசியவர்தான் டாக்டர். கிள்ளானில் பல் மருத்துவமனை வைத்திருந்தார், ரயில்வே குடும்பத்துப் பிள்ளை. பழைய நாலு இருக்கை விமானம் ஒன்றை மனைவிக்கு அடுத்தபடியாகக் கொஞ்சுவார். “பறக்கும்போது செஞ்ச தப்ப எழுதச் சொல்லும்மா. பேரு வேணாம். டின்னுல போட்டுட்டுப் போவட்டும். அடுத்தவன் தப்புன்னா எவனும் படிப்பான்,” என்றார். டின்னும் அவரே கொண்டு வந்தார்.

நான் பாசாரில் மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மீன்காரர் முகத்தையும் ஒரு தடவை பார்ப்பவள். டாக்டருக்கு இதில் என்ன ஆதாயம் என்றுதான் முதலில் யோசித்தேன். முந்தின தேர்தலில் அவர் இந்தத் தலைவரிடம் தோற்றிருந்தார், அடுத்த தேர்தலும் வரவிருந்தது. சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

முதல் மாதமே ஒரு கடிதம் வந்தது, இதழின் கடைசிப் பக்கத்தில் போட்டேன். எரிபொருள் மூடியை இறக்கை மேலேயே வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன் என்று யாரோ எழுதியிருந்தார். அடுத்த மாதம், விமானத்தை இழுக்க மூக்குச் சக்கரத்தில் மாட்டும் கம்பியைக் கழற்றாமல் எஞ்சினை முடுக்கிய கதை. அதற்கடுத்து, பக்கத்துப் பாதையை ஓடுபாதை என்று நினைத்துத் திரும்பிய கதை. கொட்டகை மேசையில் ரொட்டி சானாய் ஆறிப்போகும் அளவுக்குப் படித்தார்கள். எஞ்சினுக்குக் கீழே என் இதழுக்குப் பதில் பழைய செய்தித்தாள் வந்தது. இது யார், அது யார் என்று ஒருவர் விமானத்தை ஒருவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். கம்பிக் கதை வந்த மாதம் எல்லோருடைய பார்வையும் தலைவர் விமானத்தின் மூக்கில் இருந்த கீறலில்தான். “எவன் லா இத எழுதுறது?” என்று தலைவர் என்னிடம் கேட்டார். தெரியாது என்றேன்.

தெரியும். எல்லாக் கடிதங்களும் ஒரே மாதிரி மூன்றாக மடிக்கப்பட்டிருந்தன. எல்லாவற்றிலும் கிராம்புத் தைல வாசம், பல் வலிக்குப் பஞ்சில் நனைத்து வைப்பார்களே, அந்த வாசம். டாக்டர் மற்றவர்களுடைய தப்புகளைப் பொறுக்கி, தானே செய்ததுபோல் ‘நான், நான்’ என்று எழுதித் தலைவரை மாட்டிவிடுகிறார் என்று முடிவு கட்டினேன். இதழ் பிழைத்துக்கொண்டிருந்ததால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஆறாவது கடிதம் தேர்தலுக்கு முந்தின மாதம் வந்தது. ‘என் இடது கண்ணில் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. மருத்துவச் சோதனையில் பலகை எழுத்துகளை மனப்பாடம் செய்து ஒப்பித்தேன். ஓடுபாதை எவ்வளவு கீழே இருக்கிறது என்று தெரியாமல் குத்துமதிப்பாக இறங்குகிறேன்.’ தலைவர் அப்போதுதான் கண் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு வந்திருந்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. இவ்வளவு கீழிறங்குவாரா ஒரு மனிதர்? கடிதத்தை இழுப்பறையில் போட்டுப் பூட்டி, அந்த இடத்தில் விருந்துப் படம் ஒன்றை வைத்தேன்.

இதழ் வந்த சனிக்கிழமை டாக்டர் கடைசிப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏம்மா, இந்த மாசம் டின்னு காலியா?”

“காலி டாக்டர்,” என்றேன், அவர் கண்ணைப் பார்த்தே. எந்தக் கண்ணைப் பார்த்தேன் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். அவர் தலையை ஆட்டிவிட்டு இதழை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தேர்தலில் அவர் நிற்கவே இல்லை. அதையும் ஏதோ தந்திரம் என்றே நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து அவருடைய விமானம் ஓடுபாதையில் ஓங்கி மோதிப் புல்லுக்குள் ஓடியது. முன்சக்கரம் முறிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவிக்கு வலது கை இரண்டு இடத்தில் ஒடிந்துவிட்டது. கிள்ளானில் மருத்துவமனைக்குப் பார்க்கப் போனேன். அந்த அம்மாள் மாவுக்கட்டோடு தூங்கிக்கொண்டிருந்தார். டாக்டர் என்னை வெளியே அழைத்து வந்தார்.

“டின்னு காலி இல்லதானே?”

கடிதம் என் இழுப்பறையில் இருப்பதைச் சொன்னேன்.

“ஆறும் நான் செஞ்சதுதான்மா. வேற எவன் லெட்டர் போட்டான்?”

“நேரா சொல்லியிருக்கலாமே டாக்டர்.”

“வாய் வரல. சொன்னா அன்னியோட பறக்கிறது முடிஞ்சுதே. நீ அதப் போட்டிருந்தா மேசையில எவனாச்சும் கேட்டிருப்பான், யாருடா அந்தக் கண்ணு தெரியாதவன்னு. கேட்டா கையத் தூக்கியிருப்பேன்.”

அந்த நேரத்திலும் எனக்குச் சந்தேகம் வந்தது. மனைவி கையை ஒடித்துவிட்டுப் பழியில் பாதியை என் தலையில் கட்டப் பார்க்கிறாரோ? பேருந்தில் திரும்பும்போது அதையேதான் புரட்டிக்கொண்டு வந்தேன். மூடி, கம்பி, பாதை என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எல்லாம் கண் சரியாகத் தெரியாத ஒருவர் செய்யும் தப்புகள். மாதம் ஒன்றாக என் கையில்தான் வந்திருக்கின்றன. யார் எழுதியது என்று மோப்பம் பிடித்த நான், என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை. பழியில் பாதி எனக்குச் சேர வேண்டியதுதான்.

அடுத்த இதழில் ஆறாவது கடிதத்தை ஓர் எழுத்துக்கூட வெட்டாமல் போட்டேன். அதற்குக் கீழே, அதை மறைத்தவள் நான் என்று என் பெயரோடு எழுதினேன். வேலை போகும் என்று எதிர்பார்த்தேன், போகவில்லை. டாக்டர் விமானத்தை விற்றுவிட்டு, மனைவியை அழைத்துக்கொண்டு வெளிநாட்டில் மகள் இருக்கும் பெர்த்துக்குப் போய்விட்டார். அந்த அம்மாளால் வலது கையை இன்னும் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லையாம்.

இன்று டின்னைத் திறந்தேன். காலி. மோந்து பார்த்தேன், பழைய தகர வாசம்தான். முப்பது பேர் ஒரு மாதம் முழுக்கப் பறந்திருக்கிறார்கள், ஒருவரும் ஒரு தப்பும் செய்யவில்லையாம். நான் நம்பவில்லை. உறுப்பினர் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, முதலில் தலைவரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“அங்கிள், டின்னு காலியா இருக்கு. உங்ககிட்ட ஏதாச்சும் இருக்கா?”

“பேரு வேணாம்தானே லா?” என்றார் தலைவர். வேண்டாம் என்று சொல்லிப் பேனாவை எடுத்தேன்.