அறுபதுக்குக் கீழே

பக்கிரிசாமி எதைக் கையில் எடுத்தாலும் உள்ளங்கையில் இரண்டு தரம் துள்ளவிட்டுப் பார்ப்பார். மருந்துப் புட்டி, மடித்த நாளிதழ், மகள் வாங்கிவரும் தக்காளிப் பொட்டலம், எதுவானாலும் சரி. கண்ணைச் சுருக்கி எடையை வாய்க்குள் முணுமுணுத்த பிறகுதான் கீழே வைப்பார். காப்பிக் குவளையை மட்டும் துள்ளவிடுவதில்லை. பினாங்கு துறைமுகத்தில் முப்பத்தேழு வருடம் மூட்டை தூக்கிய கை அது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டில் அந்தக் கை மெலியத் தொடங்கியது. ரத்தத்தில் புற்றுநோய் என்றார்கள். இளவயது டாக்டர் ஒருவர் அவருடைய வயதைப் பார்த்துவிட்டு, வீட்டில் பிள்ளைகளோடு சந்தோஷமாக இருக்கச் சொன்னார். ஒன்றரை வருடம் தாங்கும் என்றும் நயமாகச் சொன்னார். மாடிப்படியில் இறங்கும்போது பக்கிரிசாமி மகள் பத்மாவதியிடம் சொன்னார்.

"அவன் சொன்ன கணக்குக்கு நான் சாகணுமா? வேற மருந்து எங்க இருக்குன்னு பாரும்மா."

பத்மாவதிக்கு ஜுருவில் தொழிற்சாலை வேலை. புது மருந்துகளைச் சோதித்துப் பார்க்க நோயாளிகளைச் சேர்க்கும் மருத்துவமனைகளின் பட்டியல் இன்டர்நெட்டில் இருப்பதாகக் கூட வேலை செய்பவள் ஒருத்தி சொல்லியிருந்தாள். சனிக்கிழமை அப்பாவைப் பினாங்கு ரோட்டிலிருந்த சைபர் கஃபேக்கு அழைத்துப் போனாள். சுற்றிலும் பள்ளிக்கூடப் பையன்கள் திரையில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்தார்கள். கடைக்காரி ரோஹானா அந்த வலைத்தளத்தைத் தேடித் திறந்து கொடுத்தாள். நோய், நாடு, வயது என்று மூன்று கட்டங்கள். நிரப்பி அழுத்தினால் பொருந்துகிற சோதனையைக் காட்டுமாம்.

பத்மாவதி நிரப்பி அழுத்தினாள். பக்கம் வந்து சேர நெடுநேரமாயிற்று. எதுவும் பொருந்தவில்லை என்றது.

"பொண்ணு வீட்டுக்காரன் மாதிரி மூஞ்சியத் திருப்பிக்கிறான்லா," என்றார் பக்கிரிசாமி.

அவள் முழுப் பட்டியலையும் திறந்து வரிவரியாகப் படித்தாள். சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனை இதே நோய்க்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தது. ஆனால் பதினெட்டிலிருந்து அறுபது வயது வரைதான். அடையாள அட்டைப்படி அப்பாவுக்கு அறுபத்திரண்டு.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அறுபது தாண்டினா ரத்தம் வேற கலராயிருமா?" என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எனக்கு அம்பத்தொம்பதுதாம்மா. அதப் போடு."

துறைமுகத்தில் பதினைந்து வயதுப் பையனை வேலைக்கு எடுக்க மாட்டார்கள் என்று தன் அப்பா மூன்று வருடம் கூட்டி எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். பத்மாவதி அதை நம்பினாள். அவர்கள் குடியிருந்த வீட்டு வரிசையில் அப்படி வயதைக் கூட்டிக்கொண்டு வேலைக்குப் போனவர்கள் நான்கு பேராவது இருந்தார்கள். ஐம்பத்தொன்பது என்று அடித்தாள். சிங்கப்பூர் மேலே வந்து நின்றது.

எழுதிப் போட்டதற்கு நான்காம் நாள் பதில் வந்தது. அட்டையில் உள்ள வயது தவறு என்றால் பிறப்புப் பத்திரம் வேண்டும் என்றார்கள். அப்பாவும் மகளும் புக்கிட் மெர்தாஜாமுக்குப் போனார்கள். அங்கே பக்கிரிசாமியின் அக்கா வள்ளியம்மா இருந்தாள். அம்மாவின் தகரப்பெட்டி அவளிடம்தான் இருந்தது. திறந்த உடனே காகிதம் கிடைத்தது. பிறந்த வருடம் முப்பத்தொன்பது, சரியாக இருந்தது. பெயர்தான் சுப்பையா என்றிருந்தது.

பத்மாவதிக்கு முகம் வாடிவிட்டது. அப்பா அசரவில்லை. தனக்கு முன் பிறந்த இரண்டு ஆண் குழந்தைகள் தங்கவில்லை என்றும், சூலியா தெருவில் உள்ள நாகூர் தர்காவில் அம்மா நேர்ந்துகொண்டு பிச்சையாக வாங்கிய பிள்ளைக்குப் பக்கிரி என்று பெயரிட்டதாகவும் சொன்னார். பதிவில் ஒரு பெயர், கூப்பிட ஒரு பெயர். எத்தனையோ வீடுகளில் அப்படித்தான். வள்ளியம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பத்திரம் எழுதக் கிளம்பியபோது பத்மாவதி பயந்தாள். ஏதாவது தப்பென்றால் ஜெயிலில் போட்டுவிடுவார்கள் என்றாள்.

"போடட்டுமே. ஒன்றரை வருசத்துக்கு மேல என்னை வச்சிருந்தான்னா அவனுக்குத்தான் நட்டம்."

சிங்கப்பூர் டாக்டர் தமிழர். எதற்கு இரண்டு பெயர் என்று கேட்டார். பக்கிரிசாமி தர்கா கதையைச் சொன்னார். டாக்டரின் பெரியப்பா ஒருவரும் பக்கிரிதானாம். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அன்று முதல் மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போய் மாத்திரை வாங்கிவந்தார் பக்கிரிசாமி.

ஒன்றரை வருடம் முடிந்த மறுநாள் அவர் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு பழைய மருத்துவமனைக்குப் போனார். எண் சீட்டு எடுத்து, இரண்டு மணிநேரம் காத்திருந்து, அதே டாக்டர் முன்னால் உட்கார்ந்தார். என்ன செய்கிறது என்று டாக்டர் கேட்டார்.

"ஒண்ணும் செய்யல. இருக்கேன்னு சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

அதற்குப் பிறகும் ஐந்து வருடம் இருந்தார்.

கருமாதி முடிந்த அன்றுதான் வள்ளியம்மா பத்மாவதியைத் தனியாக அழைத்துச் சொன்னாள். சுப்பையா அவர்களுடைய தம்பி. பக்கிரிக்கு மூன்று வருடம் இளையவன். காய்ச்சலில் பத்து மாதத்தில் போய்விட்டான். அட்டையில் இருந்ததுதான் அப்பாவின் சரியான வயது. பெட்டியைத் திறப்பதற்கு முதல் நாள் அப்பா அத்தைக்குப் போன் செய்து, தம்பியின் காகிதத்தைத் தேடி மேலே எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார்.