பாரிவாக்கம் கல்லுக்குழி: சுற்றி நடக்க ஒரு மைல்

யுத்தம் முடிந்த பிறகு வந்த முதல் தை மாதத்தில் டாக்டர் என் முழங்காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தினம் நடக்க வேண்டும். ஆனால் மேடு ஏறக் கூடாது" என்றார். கடற்கரைக்குப் போகலாமே என்றால், அங்கே என் ஆபீஸ் ஆட்கள் அத்தனை பேரும் காற்று வாங்குகிறார்கள். ஆறு நாள் பார்த்த மூஞ்சிகளை ஏழாவது நாளும் பார்க்க என்னால் ஆகாது. சமதரையாக, ஆள் நடமாட்டம் இல்லாத ஓர் இடம் சொல்லும் ஐயா என்று கண்டவர்களையெல்லாம் நச்சரித்தேன். பூந்தமல்லிப் பக்கத்துக்காரர் ஒருவர், பாரிவாக்கத்துக்கு அருகே பழைய கல்லுக்குழி ஒன்று தண்ணீர் நிறைந்து ஏரியாகக் கிடக்கிறது என்றார். "ஆள் நடமாட்டம் இருக்காதே?" என்று கேட்டேன். "இருக்கவே இருக்காது" என்றார். ஏன் இருக்காது என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு சென்ட்ரலில் ரயில். ஆவடிக்குப் பதின்மூன்று மைல், ஐம்பத்தைந்து நிமிஷம், மூன்றாம் வகுப்பு மூன்றே முக்கால் அணா. யுத்த காலத்தைப் போல் வாசலில் தொங்க வேண்டியதில்லை. உட்காரவே இடம் கிடைக்கிறது. ஸ்டேஷன் வாசலில் ஜட்காக்கள் நிற்கும். நாள் முழுக்கக் காத்திருந்து திரும்பக் கொண்டுவிட ஒன்றேகால் ரூபாய் கேட்பார்கள். ஒரு ரூபாய்க்கு வருவார்கள். எனக்கு வாய்த்த வண்டிக்காரர் பெயர் முனுசாமி.

"குழிக்கா சார்? அங்க இன்னா கீது?"

"நடக்கப் போகிறேன்."

"நடக்கறதுக்கு வண்டி கட்டிகினு வர்ற ஆளை இன்னிக்குத்தான் சார் பாக்கறேன்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லையே என்று வாயை மூடிக்கொண்டேன்.

நாலு மைல் தூரம். பட்டாளத்து லாரிகள் பறித்துவைத்த பள்ளங்களில் எல்லாம் விழுந்து எழுந்து ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. முழங்காலுக்குத் துணையாக இடுப்பும் வலிக்க ஆரம்பித்தது. குழிக்கு இரண்டு பர்லாங் முன்னால் ஒரு புளியமரத்தடியில் முனுசாமி வண்டியை நிறுத்தினார். குதிரை அதற்கு மேல் வராதாம். ஏன் என்றேன். "வராது சார்" என்றார், அவ்வளவுதான்.

இடம் அழகுதான், மறுக்க மாட்டேன். செம்பாறையை வெட்டி எடுத்த செங்குத்தான சுவர்கள் நாலு பக்கமும் நிற்க, நடுவில் கறுத்த தண்ணீர். கரை மேலே சுற்றிவர ஒரு மைல், மேடு பள்ளம் இல்லை, நாற்பது நிமிஷத்தில் முடித்துவிடலாம். இது முதல் நடை. தெற்குப் பக்கம் பாறையிலேயே வெட்டிய படிகள் உண்டு. பன்னிரண்டு படி இறங்கினால் ஒரு திட்டு வரும். அங்கிருந்து தண்ணீரை ஒட்டிக் கால் மைல் போய்த் திரும்பலாம். நிழலாக இருக்கும். இது இரண்டாவது நடை.

ஆனால் சத்தம்தான் சரியில்லை. தண்ணீர் என்று இருந்தால் ஒரு கொக்காவது, ஒரு தவளையாவது வேண்டாமா? ஒன்றும் இல்லை. என் செருப்புச் சத்தம் எதிர்ச் சுவரில் பட்டுத் தாமதமாகத் திரும்பி வருகிறது. நான் நின்ற பிறகும் ஓர் அடி கேட்கிறது. முதல் தடவை திரும்பிப் பார்த்தேன். இரண்டாம் தடவை, "எதிரொலிடா முட்டாள்" என்று என்னையே திட்டிக்கொண்டேன். திட்டும் திரும்பி வந்தது.

படிக்குக் கீழே இருந்த அந்தத் திட்டில், இடுப்பு உயரத்தில், பாறையைக் குடைந்து நீளமாக ஒரு மாடம் வெட்டியிருந்தார்கள். அதில் ஒரே ஒரு கல் இருந்தது. சாத்துக்குடி அளவு, உருண்டை, ஒரு பக்கத்தில் சிலுவை கீறியிருந்தது. மாடம் முழுக்கத் தூசி படிந்திருக்க, கல் மட்டும் அப்போதுதான் துடைத்துவைத்த மாதிரி பளிச்சென்று இருந்தது. ஆபீஸ் மேஜையில் காகிதம் பறக்காமல் வைக்கத் தோதாக இருக்கும் என்று எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். அதில் ஒரு யோசனையும் இல்லை. கடற்கரைக்குப் போனால் கிளிஞ்சல் பொறுக்குவதில்லையா, அப்படித்தான்.

மேலேறி வடகரைப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். எதிரே படிகளில் ஒரு பெண்பிள்ளை இடுப்பில் குடத்தோடு இறங்குவது தெரிந்தது. நாற்பது வயசு இருக்கலாம். மாடத்தின் முன் வந்து நின்றாள். குடம் நழுவித் திட்டில் உருண்டு தண்ணீரில் விழுந்தது. அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. மாடத்தை இரண்டு கையாலும் துழாவினாள். அப்புறம் ஒரு சத்தம் போட்டாள். அழுகை என்று நினைத்தேன். எதிரொலியில்தான் புரிந்தது, அது சிரிப்பு. சிரித்துக்கொண்டே படியேறி ஊர்ப் பக்கம் ஓடிவிட்டாள். பாதி நடையில் திரும்பி, புளியமரத்தடிக்கு வந்து சேர்ந்தேன்.

சோற்று மூட்டையைப் பிரித்தபடியே முனுசாமியிடம் அதைச் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"அது ஆரோக்கியம் சார். மாடத்துல கல்லு ஒண்ணு இருந்துச்சே, பாத்தீங்களா?"

நான் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டேன். அவரே சொன்னார்.

"கீழே வேட்டு வெக்கறதுக்கு மின்னாடி ஆளுங்க அம்புட்டு பேரும் மேல வந்துரணும். யாரு எண்ணிகினு நிப்பா? அதுக்குத்தான் மாடம். குழியில எறங்கறவன் தன் கல்லை அதுல வெச்சிட்டு எறங்குவான். ஏறி வந்தா எடுத்துக்குவான். ஒத்தக் கல்லு மிச்சம் இருந்தாலும் திரியில நெருப்பு வெக்க மாட்டாங்க. அடுத்தவன் கல்லை மட்டும் தொடவே கூடாது சார். தொட்டா அவனைக் கொன்ன மாதிரி. பெத்த புள்ள கல்லா இருந்தாலும் அப்பன் தொடமாட்டான்."

ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம் குழியின் அடியில் ஊற்று உடைத்துக்கொண்டதாம். அலறியடித்து ஏறி வந்தவர்கள் அவரவர் கல்லை எடுத்துக்கொண்டார்கள். சாயங்காலம் ஒரு கல் மிச்சம் இருந்தது. ஆரோக்கியத்தின் புருஷன் சின்னப்பனுடைய கல். உடம்பு மேலே வரவே இல்லை. மாதா கோவிலில் பூசை வைத்துக் காரியத்தை முடித்துவிடலாம் என்று சாமியார் எவ்வளவோ சொல்லியும் அவள் கேட்கவில்லை. தாலியைக் கழற்றவும் இல்லை. "கல்லு கீற வரைக்கும் அவரு உள்ளாரதான் கீறாரு, ஏறி வந்து எடுத்துக்குவாரு" என்று தினம் வந்து அந்தக் கல்லைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டுப் போவாளாம்.

என் கை கோட்டுப் பைக்குள் இருந்தது. வேறு வழி தெரியாமல் கல்லை எடுத்துக் காட்டினேன். முனுசாமி எழுந்து நாலடி தள்ளிப் போய் நின்றார்.

"இன்னா காரியம் சார் பண்ணீங்க! அந்தப் பொம்பள இப்போ இன்னா நெனச்சிகினு ஓடுது தெரியுமா?"

தெரிந்தது. அதனால்தான் மூன்றாவது நடை: குழியிலிருந்து ஒற்றையடிப் பாதையில் பாரிவாக்கம் ஊர் எல்லை வரை அரை மைல், பன்னிரண்டு நிமிஷம். பாதை நல்ல பாதை. முனுசாமி வழிகாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். நான் அதில் எதையும் பார்க்கவில்லை. என்ன சொல்லப் போகிறோம் என்ற பயம்தான் மனசு முழுக்க.

குடிசை வாசல் புதிதாகப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. ஆரோக்கியம் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு அடுப்பின் முன் உட்கார்ந்திருந்தாள். ஓர் ஆள் ரேஷன் அரிசியில் பொங்கிய சோற்றை இரண்டு தட்டில் சரிபாதியாகப் போட்டு வைத்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"குந்துங்க அண்ணாத்தே. சாரையும் குந்தச் சொல்லு. அவரு வந்துருவாரு. கல்லை எடுத்துட்டாரு."

கல்லை நீட்டினேன். அவள் வாங்கினாள். கண் என் முகத்தில் இருக்க, கட்டைவிரல் மட்டும் தானாகப் போய்ச் சிலுவையைத் தடவியது.

"இது அவரு கல்லு இல்ல" என்றாள்.

"அம்மா, மாடத்திலிருந்து நான்தான் எடுத்தேன். தெரியாமல் எடுத்துவிட்டேன். என்னை மன்னித்துவிடு."

"இல்லன்றேன்ல! அவரு கல்லை அவருதான் எடுக்கணும். ஒம்போது வருசமா ஒருத்தன் கை வெக்கல. நீ எப்பிடி வெப்பே?" கல்லை என் கையில் திணித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இனி என்ன செய்ய? திரும்பப் போய் மாடத்தில் வைப்பதுதான் சரி என்று இரண்டு பேருக்கும் தோன்றியது. முனுசாமி குழிக்கரையோடு நின்றுகொண்டார். நான் பன்னிரண்டு படி இறங்கி, தூசியில் வட்டமாகத் தெரிந்த அதே இடத்தில் கல்லை வைத்தேன். ஏறும்போது எட்டாவது படியில் முழங்கால் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குக் கீழே இன்னும் ஓர் அடி கேட்டது. எதிரொலிதான். முழங்காலாவது ஒன்றாவது என்று மிச்சம் நாலு படியையும் ஓடியே ஏறினேன்.

மூன்று நாற்பது ரயிலைப் பிடித்து ஊர் வந்து சேர்ந்தேன். ஒரு மாதம் சரியாகத் தூக்கம் இல்லை. மாசியில் மறுபடி போனேன். முனுசாமி சொன்னார்: அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஆரோக்கியம் குழிப் பக்கம் காலெடுத்து வைக்கவில்லை, நடவுக்குப் போகிறாள், வருகிறாள், இரண்டு பேருக்குச் சமைக்கிறாள். முதலில் அவள் வீட்டுக்குத்தான் போனேன். வாசலில் இரண்டு தட்டுகள் கழுவி வெயிலில் கவிழ்த்திருந்தன. கதவு சாத்தியிருந்தது. வெளியே உட்கார்ந்திருந்தவள் என்னைக் கண்டதும் உதட்டில் விரல் வைத்தாள்.

"மெதுவா பேசு சார். தூங்கறாரு."

தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். கல் மாடத்தில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியுமே, அதுவே எனக்குத் தைரியமாக இருந்தது. குழிக்குப் போய்ப் படி இறங்கிப் பார்த்தேன். மாடத்தில் கல் இல்லை. தூசியில் அந்த வட்டம் மட்டும் இருந்தது. வண்டிக்குத் திரும்பி, ஆரோக்கியமே எடுத்திருப்பாள் என்றேன். அவளாவது தொடுவதாவது, ஊரில் ஒருத்தரும் தொடமாட்டார்கள் என்று முனுசாமி அடித்துச் சொல்கிறார். "உங்களாட்டம் பட்டணத்துலேருந்து யாராச்சும் வந்திருப்பாங்க சார்" என்றார். அவர் குரலிலும் தெம்பு இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: காலை ஆறு நாற்பது ரயிலை விட்டால் வெயில் கொளுத்தும். குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள். குழித் தண்ணீரைத் தொடாதீர்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் மேல்கரையோடு நிறுத்திக்கொள்ளலாம். படியிறங்கியே தீருவோம் என்பவர்கள் பேசாமல் இறங்கிப் பேசாமல் ஏறுங்கள்.

இன்னொன்று. தை மாதத்துக்கும் மாசி மாதத்துக்கும் நடுவில் அங்கே போய்வந்தவர் யாராவது இதைப் படிக்கலாம். சிலுவை கீறிய, சாத்துக்குடி அளவுக் கல் ஒன்றை நீங்கள் எடுத்து வந்திருந்தால், திருப்பி வைக்க வேண்டாம். திட்ட மாட்டேன், திட்டுகிற யோக்கியதை எனக்கு இல்லை. பெயர்கூட வேண்டாம். நான்தான் எடுத்தேன் என்று பத்திரிகை விலாசத்துக்கு ஒரு கார்டில் ஒரே ஒரு வரி எழுதிப் போடுங்கள். தினமும் தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.