கேஜ் மேலே வரும் பாட்டு

அக்காவின் கேசட் நாடாவில் ஓர் இடத்தில் சிவப்பாக ஒரு பொட்டு இருக்கிறது. அது நகப்பூச்சு. நாடா அறுந்தபோது ஒட்டுவதற்கு அவள் கையில் கிடைத்தது அதுதான். கசங்கிப்போன சிறு துண்டை நறுக்கி எறிந்துவிட்டு, இரண்டு முனைகளையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து, ஒரு சொட்டு தொட்டு, காயும்வரை ஊதிக்கொண்டே இருந்தாள். அந்த இடம் வரும்போது ஒரு நொடி பாட்டு நின்றுபோகும். பிறகு கிடார் மறுபடி பாய்ந்து வரும். எங்கள் வீட்டில் அந்தப் பாட்டை முணுமுணுப்பவர்கள் எல்லாரும் அந்த இடத்தில் வாயை மூடித் திறப்போம். அந்த மௌனமும் பாட்டோடு சேர்ந்துவிட்டது.

அது ஓர் அமெரிக்கக் காதல் படத்தின் பாட்டுக் கேசட். தொண்ணூறுகளின் முதல் பாதியில் அங்கே காதலுக்கு வயலின் வாசிப்பதைக் குறைத்துக்கொண்டு ராக் குழுக்களைக் கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். வாராத தலை, பொத்தான் போடாத கட்டம்போட்ட சட்டை, எதையோ தரையில் இழுத்துக்கொண்டு வருவது போன்ற கிடார். கிரஞ்ச் என்று அதற்கு ஒரு பெயர் இருப்பது எங்களுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. கட்டம்போட்ட சட்டை எங்களுக்குப் புதிதல்ல. கோலார் தங்க வயலின் குளிருக்கு நைட் ஷிப்ட் போகிறவர்களில் பாதிப்பேர் அதைத்தான் போட்டிருந்தார்கள். கேசட் அட்டையில் இருந்தவனைப் பார்த்துவிட்டு அம்மா, இவன் எந்த லைன் வீட்டுப் பையன் என்று கேட்டாள்.

படம் எங்கள் ஊருக்கு வரவில்லை. ராபர்ட்சன்பேட்டை தியேட்டர்களுக்கு வந்த ஆங்கிலப் படங்களில் ஆட்கள் சுட்டுக்கொண்டார்கள், அல்லது பாம்புகளிடம் மாட்டிக்கொண்டார்கள். யாரோ ஒருத்தியும் ஒருத்தனும் மழையில் நின்று பேசிக்கொள்ளும் படத்தைப் பெட்டி தூக்கி அவ்வளவு தூரம் கொண்டுவர யாருக்கும் தோன்றவில்லை. கேசட் மட்டும் வந்தது. நந்திதுர்க்கில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு ஆஸ்திரேலியா போனபோது, பியானோ தூக்க உதவிய இளைஞர்களுக்கு ஒரு பெட்டி நிறையக் கேசட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போனது. அந்த இளைஞர்களில் ஒருவர்தான் பின்னால் எனக்கு மாமா ஆனவர்.

அப்போது அவருக்கு நந்திதுர்க் சுரங்கத்தில் அண்டர்கிரவுண்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சர்ச்சில் கிடார் வாசிப்பார். அக்கா பாடகர் குழுவில் முதல் வரிசை. இரண்டு பேருக்கும் நடுவில் ஏதோ இருக்கிறது என்பது குழுவில் எல்லாருக்கும் தெரியும். அந்த இரண்டு பேர் மட்டும் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை. அவர் தந்தியை முறுக்கிக்கொண்டே இருப்பார். இவள் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருப்பாள். நான் அவளைவிட இரண்டு வயது சிறியவள். இரண்டாவது வரிசையிலிருந்து எனக்கு எல்லாம் நன்றாகத் தெரிந்தது.

அந்த வருடம் பெங்களூரிலிருந்து ஒரு வரன் வந்தது. அரசாங்க அலுவலகத்தில் கிளார்க், சொந்த வீடு. அப்பாவுக்கு அதைவிட வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அவர் சுரங்கத்துக்குள் மரமுட்டுக் கொடுக்கும் டிம்பர்மேனாக இருந்தவர். மாடிப்படி இல்லாத வீட்டிலேயே மூச்சு வாங்கும் நிலையில் அப்போது இருந்தார். சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சும் ஊரில் நடந்துகொண்டிருந்தது. மூடாவிட்டாலும், இன்னொரு பெண் சுரங்கத்து விபத்துச் சைரனுக்குக் காது கொடுத்து உட்கார்ந்திருக்க வேண்டாம் என்பது அவர் கட்சி. அக்காவிடம் அதட்டிச் சொல்லவில்லை. யோசித்துச் சொல் என்றார். அவள் யோசிக்கவில்லை. காத்திருந்தாள். கிடார்க்காரர் வாயைத் திறந்து ஏதாவது ஒன்று சொல்ல வேண்டும், ஆம் என்றோ இல்லை என்றோ, அதற்காக.

அவர் வாயைத் திறக்கவில்லை. பாட்டுப் பயிற்சி முடிந்து எல்லாரும் கிளம்பும்போது கேசட்டை நீட்டினார். "ரெண்டாவது சைடு, மூணாவது பாட்டு. கேட்டுப் பாரு" என்றார். அவ்வளவுதான். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். கேசட்டைக் கொடுத்துவிட்டு அவர் கையைத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே போட்டோம். எங்கள் டேப் ரிகார்டர் பழையது. மூன்றாவது பாட்டின் நடுவில் நாடாவைக் கடித்து மென்றது. அக்காவின் முகம் வெளிறிப்போனது. பிறகுதான் நகப்பூச்சு. ஒட்டி முடித்து மறுபடி போட்டபோது பாட்டு முழுவதும் ஓடியது, அந்த ஒரு நொடியைத் தவிர. பாடுகிறவன் வாயில் சூடான கிழங்கை வைத்துக்கொண்டு பாடுவது போலப் பாடினான். மிஷன் பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் ரிகார்டரோடு காதை ஒட்டினோம். ஒரே ஒரு சொல் மட்டும் தெளிவாகக் கேட்டது. திரும்பத் திரும்ப அதைத்தான் கத்தினான். கேஜ். கேஜ். கேஜ்.

எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி, ஷிப்ட் முடிந்ததும் ஏற்றிக்கொண்டு வரும் இரும்புப் பெட்டி. பூமிக்கு அடியில் பாறை வெடித்தால் வீட்டில் பாத்திரங்கள் அலமாரியிலிருந்து உருளும். அடுத்த நிமிடம் பெண்கள் இடுப்பில் பிள்ளையோடு ஷாப்ட் இருக்கும் சுரங்க வாய்ப் பக்கம் ஓடுவார்கள். அங்கே யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். உயரத்தில் கேஜின் கயிறு ஓடும் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சக்கரம் சுற்றத் தொடங்கினால் கேஜ் வருகிறது என்று பொருள். அதில் நம் ஆள் இருக்கலாம். அம்மா அப்படி நின்றதை நாங்கள் இரண்டு பேரும் பார்த்திருக்கிறோம். அதனால் எங்கள் வீட்டில் யார் எங்கே போய்ப் பத்திரமாகத் திரும்பினாலும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: மேல வந்தாச்சா? பரீட்சை எழுதிவிட்டு வந்தாலும் அதுதான், பிரசவம் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாலும் அதுதான்.

ஆகவே அக்காவுக்குப் பாட்டில் சந்தேகமே இருக்கவில்லை. ஒருத்தன் பூமிக்கு அடியில் இருக்கிறான். மேலே ஒருத்தி நிற்கிறாள். கேஜ் வரும், வந்துவிடுவேன், நில் என்று அவன் கத்துகிறான். மற்றப் பாட்டுகளையும் வரிசையாகக் கேட்டு அவள் படம் முழுவதையும் கட்டிவிட்டாள். முதல் பாட்டில் பார்த்துக்கொள்கிறார்கள். மெதுவான இரண்டாவது பாட்டில் அவள் வீட்டில் சம்மதிக்கவில்லை. டிரம்ஸ் மட்டும் அதிரும் இடத்தில் பாறை வெடிக்கிறது. அமெரிக்காவில் தங்கச் சுரங்கம் இருக்கிறதா என்று நான் கேட்டதற்கு, இல்லாமலா கேஜ் என்று பாடுவான் என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து அவள் நேராக அவரிடம் போய், பாட்டைக் கேட்டேன், எனக்குச் சம்மதம் என்றாள். அவர் முகத்தில் முதலில் வந்தது மகிழ்ச்சி இல்லை. திகைப்பு. அப்புறம் சிரித்தார். வெட்கம் என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்பாவிடம் அவள் பேசியது அன்று மாலை. மூச்சு வாங்கிக்கொண்டே அப்பா எல்லாவற்றையும் கேட்டார். சுரங்கம் மூடினால் என்ன செய்வாய் என்றார். அவள், "அவரு மேல வந்துருவாருப்பா" என்றாள். பெங்களூர் வரனுக்கு வேண்டாம் என்று அப்பாவே சொல்லி அனுப்பினார்.

சுரங்கம் மூடியது. மாமா மற்ற எல்லாரையும் போல மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்குப் போய்வரத் தொடங்கினார். ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு எண்ணெய் போட்டுப் பழுது பார்க்கும் வேலை. விடிவதற்கு முன்பு கிளம்பி இருட்டிய பிறகு வருவார். உட்கார இடம் கிடைக்காத நாளில் ரயில் பெட்டிக் கதவருகே செய்தித்தாளை விரித்து உட்கார்ந்துகொள்வார். நான் பத்திரிகை வேலைக்குப் போய்ப் பெங்களூரிலேயே தங்கிவிட்டேன். சில சமயம் அதே ரயிலில் ஊருக்குப் போவேன். பங்காருபேட்டை தாண்டியதும் அக்காவிடமிருந்து அவருக்குப் போன் வரும். "மேல வந்துகினு கீறேன்" என்பார். பக்கத்தில் இருக்கும் பழைய சுரங்கத்து ஆட்கள் சிரிப்பார்கள். ஒருவர் ஒருநாள், "இன்னா மேஸ்திரி, இன்னும் எந்த லெவல்ல கீறேன்னு சொல்லிடு" என்று சுரங்கத்து ஆழக் கணக்கில் கேலி செய்தார். மாமாவும் சிரித்தார். வருடக்கணக்காக அப்படித்தான் போய்வந்தார். கிடார் சுவரில் மாட்டியபடி இருந்தது.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் அங்கே போயிருந்தேன். மாமா ஓய்வு பெற்றுவிட்டார். அவர்கள் மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள், வார இறுதியில் வருவாள். அவள்தான் டிவியில் அந்தப் படத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டாள். அம்மாவுக்கு ஆச்சரியம் தர வேண்டும் என்று வரும்வரை சொல்லவில்லை. சுரங்கம் ஓடியதைப் பார்க்காத பெண் அவள். ஆனால் பாட்டும், நடுவில் வாய் மூடும் இடமும் அவளுக்கும் மனப்பாடம்.

படத்தில் சுரங்கம் இல்லை. ஒரு துறைமுக ஊர். கதாநாயகி பல் மருத்துவரிடம் வேலை பார்க்கிறாள். அவன் மீன்கிடங்கில் ஐஸ் உடைக்கிறான், மாலையில் குழுவோடு பாடுகிறான். யாரும் யாருக்கும் எதிர்ப்புச் சொல்லவில்லை. இரண்டு பேரும் மாறி மாறிச் சந்தேகப்படுகிறார்கள், அவ்வளவுதான். அக்கா முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டு பார்த்தாள். ஒவ்வொரு பாட்டு வரும்போதும் இதோ என்றாள். சில பாட்டுகள் வந்தன, சாப்பாட்டுக் கடை ஒன்றின் இரைச்சலுக்குப் பின்னால், காரின் கதவு சாத்தப்படும்வரை. கேஜ் பாட்டு வரவேயில்லை. படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கிடார் கேட்டது. டிவி உடனே படத்தை மூலையில் சின்னக் கட்டமாகச் சுருக்கி, அடுத்து எதைப் பார்க்கலாம் என்று கேட்டது. அக்கா எழுந்தே விட்டாள். மகள் ரிமோட்டைப் பிடுங்கிப் பழையபடி பெரிதாக்கினாள்.

மகள் திரைக்குக் கீழே வரிகள் ஓடும்படி வைத்திருந்தாள். பாட்டின் சொற்களும் அதில் வந்தன. கிழங்கு வாய்க்காரன் பாடியதை எல்லாரும் முதல்முறையாகப் படித்தோம். தான் கம்பிக்குள் இருக்கிறவன் என்றான். சாவி தன்னிடம் இல்லை என்றான். உள்ளே வராதே, வந்தால் நீயும் மாட்டிக்கொள்வாய், போய்விடு என்றான். நாடா அறுந்த இடமும் வந்தது. நான் அதைக் கவனமாகக் கேட்டேன். நாங்கள் இழந்தது பெரிதாக ஒன்றும் இல்லை. அதே சொல் இன்னொரு முறை.

"அம்மா, இது லிப்ட் இல்லமா. கூண்டு. ஜெயிலு மாதிரி" என்றாள் மகள். சிரிக்கத் தொடங்கினாள். அக்காவும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக. இத்தனை வருடமாக நம்மைப் பைத்தியம் ஆக்கிவிட்டானே இந்தப் பாட்டுக்காரன் என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். பிறகு மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். மாமா சிரிக்கவில்லை.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

மாமா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பெயர்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. "தெரியும்" என்றார். "நாப்பது பேர அடைச்சி கம்பிக் கதவு போடுவான். அதுல நின்னுகினு எறங்கறவனுக்கு அது வேற இன்னாவா தெரியும்?"

எங்கள் யாரையும் பார்க்காமல், அவர் மீதியையும் சொன்னார். சுரங்கம் மூடுவது உறுதி என்று அவருக்கு அப்போதே தெரியும். உன் அப்பா மூச்சு வாங்குவதைத்தான் தினமும் பார்க்கிறாயே, பெங்களூர்காரனையே கட்டிக்கொள் என்று சொல்ல நினைத்தார். "வேணாம்னு சொல்ல வாய் வரல. பாட்டக் குடுத்தேன். நீ சம்மதம்னு வந்து நிக்கற. நான் இன்னா பண்ணட்டும்?"

மகள் டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். எத்தனையோ பேட்டிகளில் ஆட்கள் ஒன்றைச் சொன்ன பிறகு வரும் மௌனத்தை நான் பார்த்திருக்கிறேன். அங்கே அடுத்த கேள்வி என்ன என்பது எனக்குத் தெரியும். இங்கே தெரியவில்லை. அக்காவின் வாழ்க்கையில் அவளாக எடுத்த பெரிய முடிவு அது ஒன்றுதான். அப்பாவை எதிர்த்தது அதற்காக, அந்த ரயிலுக்கு வருடக்கணக்காகக் காத்திருந்தது அதற்காக. அது ஒரு சொல்லைத் தப்பாகக் கேட்டதால் வந்தது என்பதையும், கொடுத்தவர் கொடுத்தது மறுப்பு என்பதையும் ஒரே மத்தியானத்தில் அவளிடம் சொல்லியாகிவிட்டது. அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். அடுப்பைப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது. ரசம் சூடாகும் வாசனை வந்தது. மாமா தரையைப் பார்த்தபடி இருந்தார். பெரும் பாரத்தை இறக்கி வைத்த முகம் இல்லை அது. தவறான இடத்தில் இறக்கிவிட்டோமோ என்று பயந்த முகம்.

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. உரத்தும் இல்லை, மெதுவாகவும் இல்லை, தினமும் கூப்பிடுகிற அதே குரல்.

"எப்படியோ மேல வந்தாச்சில்ல. சோறு ஆறுது, வாங்க."

மாமா எழுந்து போனார். தட்டில் அவள் பரிமாறினாள், அவர் சாப்பிட்டார். அவருடைய தட்டில் அப்பளம் இரண்டு இருந்தது, எங்களுக்கு ஒன்று. மகள் அதைப் பார்த்து என் முழங்கையை இடித்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் அக்கா பீரோவிலிருந்து கேசட்டை எடுத்து வந்தாள். பழைய ரிகார்டர் எப்போதோ போய்விட்டது. மகள் பெங்களூரில் பழைய பொருள் கடையில் வாங்கித் தந்த ஒன்று இருக்கிறது. இரண்டாவது சைடு, மூன்றாவது பாட்டு. படத்தில் வந்தது சரியில்லை, அதில் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை என்றாள் அக்கா. நாடா ஓடியது. சிவப்புப் பொட்டு கேசட்டின் சின்னச் சன்னல் வழியாகத் தெரிந்து மறைந்தது. பாட்டு ஒரு நொடி நின்றது, மாமா உட்பட நாங்கள் நாலு பேரும் வாயை மூடினோம். பிறகு அவன் கேஜ் என்று கத்தினான். ஷாப்ட் சக்கரத்தைப் பார்க்கிறவள் போல அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.