சாம்பிராணி வாசம் வந்த மோட்டார் சைக்கிள்

1. புளி

காலை ஆறு நாற்பது. அழகம்மை ஆச்சி வீட்டு இரண்டாம் கட்டு முற்றத்தில் நான் முதலில் பார்த்தது, ஒரு வேலைக்காரப் பெண் மோட்டார் சைக்கிளுக்குப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்ததை. பக்கத்தில் பித்தளை அண்டாக்கள் தேய்த்துக் கவிழ்க்கப்பட்டிருந்தன. அடுத்த அண்டாவுக்குப் போவது போலத்தான் அவள் வண்டிக்குப் போயிருந்தாள்.

அறுபத்தெட்டாம் வருஷம், ஆடி மாதம். நான் அப்போது மதுரையிலிருந்து வந்த ஒரு நாளிதழுக்குக் காரைக்குடிப் பகுதிநேர நிருபர். அச்சான செய்தியை ஸ்கேல் வைத்து அளந்து, அங்குலக் கணக்கில் சம்பளம் தருவார்கள். கோயில் திருப்பணி பற்றிக் கேட்கத்தான் ஆச்சி வீட்டுக்குப் போனேன். வண்டியைப் பார்த்ததும் திருப்பணி மறந்துபோயிற்று.

காரணம், முந்தின வாரம் செய்தி ஆசிரியர் ட்ரங்க் காலில் சொன்னது: "ஆவணி கடைசியில காரைக்குடிக்கு முழுநேர ஆள் போடறோம்யா. சொந்தமா மோட்டார் வண்டி வேணும். நீ சைக்கிள மிதிச்சு நியூஸ் கொண்டாரதுக்குள்ள அது சரித்திரமாயிருது. தேவகோட்டை நிருபர்கிட்ட ஸ்கூட்டர் இருக்கு. உன்கிட்ட என்ன இருக்கு?"

"பாக்குறேன் சார்" என்றேன்.

இப்போது பார்த்துவிட்டேன். முப்பதுகளில் செய்த சீமை வண்டி. ஒற்றை சிலிண்டர். டேங்கில் இருந்த கம்பெனிப் பெயர் புளியில் அழிந்து, வெறும் தகரம் பளபளத்தது.

"யாரு வண்டி ஆச்சி?"

"எனக்குச் சீரா வந்தது தம்பி. எங்க அப்பச்சி பர்மாவுல மோல்மீன்லருந்து கப்பல்ல அனுப்புனாக."

"ஓடுமா?"

"அது எதுக்கு ஓடணும்? பரப்புற சாமான்ல."

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களை வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், பரப்பி, வந்தவர்கள் பார்க்க வைப்பது வழக்கம். தன் கல்யாணத்துக்குப் பிறகும் பங்காளி வீட்டுக் கல்யாணம் ஒவ்வொன்றுக்கும் இந்த வண்டியைப் பரப்பி, முடிந்ததும் உள்ளே வைத்திருக்கிறார் ஆச்சி. முப்பது வருஷத்தில் ஓடியதில்லை.

"உங்க வீட்டுச் செட்டியார் ஓட்டலையா?"

"ஒரு தடவ ஏறி உக்காந்தாக. போட்டோப் புடிச்சாச்சு. எறங்கிட்டாக."

நான் அதை ஓட வைத்துச் செய்தி வேலைக்கு வைத்துக்கொள்வதாகவும், கல்யாணம் என்றால் கொண்டுவந்து நிறுத்துவதாகவும் சொன்னேன்.

"ஓட வைக்கிறது உங்க பாடு. பரப்புற நாள்ல அது எடத்துல நிக்கணும். பளபளப்புக் கொறையக் கூடாது."

2. பம்ப்செட்

எனக்கு ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியாது. என் நண்பர் அருளப்பன் கைத்தொழில் வாத்தியார். தன் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் ஆயில் இன்ஜினை இரண்டு முறை கழற்றி, ஒரு முறை மாட்டியவர். அவருடைய கொட்டகைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன்.

"ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல நிருபரே. அது தண்ணிய எறைக்குது. இது ஆள எறைக்கும்."

சாயங்காலங்களில் வேலை. டேங்க் மூடியைத் திறந்தால் பெட்ரோல் வாசனை இல்லை. ஆயுத பூஜை தோறும் வண்டி வெறும் வயிற்றோடு நிற்கக் கூடாது என்று கொஞ்சம் நல்லெண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள். அது அல்வாப் பதத்தில் இருந்தது. கார்புரேட்டரைக் கழற்றினோம். பெட்ரோல் வரும் வழி அடைத்திருந்தது. அருளப்பன் ஊசியால் நெம்பியபோது ஒரு புளியங்கொட்டை வெளியே வந்தது. அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது கம்பெனி போட்டது இல்லைன்னு நெனைக்கிறேன்."

தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோ பற்றிய பாடம் இப்படி நடந்தது. ஒயரை என் கையில் கொடுத்துவிட்டு அவர் சுற்றினார்.

"அடிக்குதா?"

"இல்ல சார்."

"அப்ப மேக்னெட்டோ ரிப்பேரு."

"அடிச்சிருந்தா?"

"நீங்க ரிப்பேரு."

பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப்போயிருந்தது. ஒரு வாரம் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, கட்டையால் தட்டி எடுத்தோம். தேய்மானமே இல்லை. ஓடியிருந்தால்தானே தேயும். ரிங்கும் கேஸ்கட்டும் மதுரையிலிருந்து வரவேண்டும். பிஸ்டன், வால்வுகள், மேக்னெட்டோ மூன்றும் எண்ணெய்த் தட்டில் கிடந்தன. நான்கு ஸ்ட்ரோக் என்றால் என்ன என்று எனக்கு அப்போது புரிந்துவிட்டிருந்தது. தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆவணி பத்துக்குள் ஓட்டிவிடலாம் என்று அருளப்பன் கணக்குப் போட்டார்.

ஆவணி பிறந்த மறுநாள் ஆச்சி வீட்டு ஆள் வந்தான். ஆச்சி மகளுக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டது. முதல் முகூர்த்தம். மாப்பிள்ளை ஒக்கூர். வண்டி உடனே வேண்டும்.

ரிங் வரவில்லை. வெறும் சிலிண்டரை மேலே வைத்து போல்ட் முடுக்கினோம். வெளியே பார்த்தால் முழு வண்டி. உள்ளே ஒன்றும் கிடையாது.

3. சாம்பிராணி

கல்யாணத்தன்று வண்டி வளவில், எவர்சில்வர் அடுக்குகளுக்கும் பீங்கான் ஜாடிகளுக்கும் நடுவில் நின்றது. மறுபடி புளி போட்டிருந்தார்கள். நான் செய்தி எழுதவும் வண்டிக்குக் காவலாகவும் போயிருந்தேன். அருளப்பன் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்.

மாப்பிள்ளை அழைப்புக்கு மதுரையிலிருந்து குதிரை வந்திருந்தது. முதல் வேட்டுச் சத்தத்திலேயே அது மிரண்டு அரியக்குடிப் பக்கம் ஓடிவிட்டது. இரண்டு பேர் பின்னால் ஓடினார்கள். மாப்பிள்ளையின் அப்பா பினாங்கில் இருந்து வந்தவர். இடுப்பில் கை வைத்தபடி வளவுக்குள் வந்தார். வண்டியைப் பார்த்தார்.

"குதிரை எதுக்குங்கிறேன்? இங்குட்டு இது சும்மாதான நிக்குது? எம்மகன் இதுல வரட்டும்."

நான் ஆச்சியைத் தனியே கூப்பிட்டேன்.

"ஆச்சி, வண்டிக்குள்ள ஒண்ணும் இல்ல. எல்லாம் அருளப்பன் சார் கொட்டகையில கெடக்கு."

"உள்ள யாரு தம்பி பாக்கப் போறாக?"

"ஓடாது ஆச்சி."

"என்ன தம்பி சொல்றீக? சம்பந்தி வாயெடுத்துக் கேட்டுட்டாக. சீருல வச்சது பொய்ச் சாமான்னு நாளைக்குப் பேச்சு வரும். எம்மக அந்த வீட்டுலதான இருக்கணும்?"

நான் அருளப்பனைத் தேடிப் பந்திக்குப் போனேன்.

அருளப்பன் ஏற்பாடுகளைக் கவனித்தார். தள்ளுவதற்கு நான்கு பேர். நாதஸ்வரம் முன்னால், பேண்டு பின்னால், நடுவில் வண்டி. சத்தத்தில் இன்ஜின் இருக்கிறதா இல்லையா என்று தெரியாது.

"பொகை?" என்றார் திடீரென்று.

"பொகை எதுக்கு சார்?"

"பொகை வராட்டி வெவரம் தெரிஞ்சவன் கேப்பான்."

பால் டின் ஒன்றில் தணலும் சாம்பிராணியும் போட்டு, சைலன்சருக்குப் பின்னால் கம்பியால் கட்டினார். மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு ஏறி உட்கார்ந்தார்.

"எனக்கு ஓட்டத் தெரியாதுங்க" என்று என் காதில் சொன்னார்.

"கவலைப்படாதீக. நேராப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தாப் போதும்."

பிள்ளையார் கோயிலிலிருந்து பெண் வீடு வரை ஊர்வலம் வந்தது. நான் வலது பக்கக் கைப்பிடிக்கு அருகே தள்ளிக்கொண்டு வந்தேன். புகை தெரு முழுவதும் பரவியது. முன்வரிசையில் நின்ற ஒரு பெரியவர் மூச்சை இழுத்துவிட்டுப் பக்கத்து ஆளிடம் சொன்னார்:

"சீமைப் பெட்ரோலுய்யா. வாசத்தப் பாரும்."

ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அன்று மாலை இரண்டரை அங்குலச் செய்தி அனுப்பினேன். மணமகன் மோட்டார் சைக்கிளில் அமர்ந்து ஊர்வலமாக வந்தார் என்று எழுதினேன். ஓட்டி வந்தார் என்று எழுதவில்லை.

4. ஒக்கூர்

மறுநாள் சாமான்களை ஏற்றும்போது மாப்பிள்ளையின் அப்பா வண்டியையும் காட்டினார். "எம்மகன் வந்த வண்டி. அவன்கூடத்தான் வரணும்."

ஆச்சி என்னைப் பார்த்தார். "பரப்புனத எடுத்து உள்ள வச்சா நாலு பேரு என்ன தம்பி சொல்லுவாக?"

அண்டாக்களோடு மாட்டு வண்டியில் ஏறி அது ஒக்கூருக்குப் போயிற்று.

இரண்டு வாரம் கழித்து ரிங்கும் கேஸ்கட்டும் வந்தன. அருளப்பன் பிஸ்டனைத் துடைத்து டிபன் கேரியரின் கீழ் அடுக்கில் வைத்தார். வால்வுகள் மேல் அடுக்கில். மேக்னெட்டோவைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் பஸ் ஏறினோம். ஆவணி முடிய எட்டு நாள் இருந்தது. அங்கேயே மாட்டிக் கொடுத்துவிட்டு, பழைய ஏற்பாட்டின்படி வண்டியை நான் வைத்துக்கொள்ளக் கேட்பது என்று திட்டம்.

மாப்பிள்ளையின் அப்பா நன்றாக உபசரித்தார். கேரியரைப் பார்த்ததும் சாப்பாடு கொண்டுவந்திருக்கிறோம் என்று நினைத்துக் கோபித்துக்கொண்டார். நான் பிஸ்டனை எடுத்து வைத்தேன்.

"இது என்ன?"

"வண்டியோட உள் சாமான். இது இல்லாம ஓடாது."

"யாரு சொன்னா? இங்க வந்து ரெண்டு கல்யாணம் பாத்துருச்சு. நல்லாத்தான ஓடுது? நாலு பேரு வேணும், அவ்வளவுதான்."

அருளப்பன் பொறுமையாக விளக்கினார். "இத மாட்டுனா ஆளே வேணாம் ஐயா. தானா ஓடும்."

மாப்பிள்ளையின் அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. "தானாவா? மாப்பிள்ளையத் தூக்கிக்கிட்டா? குதிரை போன மாதிரி அரியக்குடிக்குப் போயிருச்சுன்னா யாரு பொறுப்பு? இப்ப நிறுத்துன்னா நாலு பேரும் நிறுத்திருவானுக."

அருளப்பன் பிஸ்டனை எடுத்து மறுபடி கேரியரின் கீழ் அடுக்கில் வைத்தார். எங்களுக்கு இலை போட்டார்கள். சாப்பிட்டுவிட்டு, கேரியரை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். வாசலில் அவர் அருளப்பனைத் தனியாக நிறுத்தி, சாம்பிராணி எவ்வளவு போடவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

5. ஸ்கூட்டர்

ஆவணி கடைசியில் செய்தி ஆசிரியருக்கு நானே ட்ரங்க் கால் போட்டேன். வண்டி இல்லை என்றேன். வேலை தேவகோட்டை நிருபருக்குப் போயிற்று. அவருக்குக் காரைக்குடியையும் சேர்த்துக் கொடுத்தார்கள். என்னை மேலும் மூன்று வருஷம் ஸ்கேலால் அளந்தார்கள்.

ஐப்பசியில் ஒரு நாள் காரைக்குடி பஸ் நிலையத்தில் தேவகோட்டை நிருபரைப் பார்த்தேன். கையில் குடை, முழங்கால் வரை சேறு. பஸ்ஸில் எனக்கும் இடம் போட்டுக் கொடுத்தார்.

"ஸ்கூட்டர் என்னண்ணே, ஒர்க் ஷாப்பா?"

"எந்த ஸ்கூட்டரு?"

"உங்க ஸ்கூட்டரு. அத வச்சுத்தான வேல குடுத்தாக?"

"கம்பெனியில பணம் கட்டிப் பதிஞ்சு வச்சிருக்கேன்னுதான் சொன்னேன்யா. இருக்குன்னு அவரா எடுத்துக்கிட்டாரு. நீ மோட்டார் சைக்கிள்ல போறதாக் கேள்விப்பட்டேனே?"

இளம் நிருபர்களுக்கு இதில் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. வண்டி இருக்கிறது என்று யாராவது சொன்னால், போய்ப் பாருங்கள். பார்த்ததோடு நிற்காமல், ஒரு தரம் உதைத்தும் பாருங்கள். செய்தி ஆசிரியர் ஸ்கூட்டரைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. தேவகோட்டைக்கும் காரைக்குடிக்கும் பஸ்ஸில் கொஞ்ச தூரந்தான்.

அந்த ஸ்கூட்டர் எழுபத்து நான்கில் வந்தது.